அம்புகளுக்கு ஒரு ஸ்டாண்டு

போன ஞாயிற்றுக்கிழமை, கணவர் காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து, வீட்டிலிருந்த டிரான்ஸ்பர் பெட்டியை உடைத்தேன்.

ஆத்திரத்தில் இல்லை. நிதானமாக, ஆணி ஆணியாகப் பிடுங்கி.

டிரான்ஸ்பர் பெட்டி என்றால் மத்திய சர்க்கார் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஊர் மாறும்போது பாத்திரம் பண்டம் அடைக்கிற பெரிய மரப்பெட்டி. போய்ச் சேர்ந்த பிறகும் யாரும் அதை விற்க மாட்டோம். அடுத்த ஆர்டர் எப்போது வருமோ...? எங்கள் டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் அது பால்கனியில் நின்றது. அதன்மேல் போர்வை விரித்து இஸ்திரி போடுவோம். பக்கவாட்டில் கறுப்பு பெயின்ட்டில் ஊர்கள் - மதுரை அடித்து, பம்பாய் அடித்து, போபால் அடித்து, டெல்லி.

ஒவ்வோர் ஊரிலும் நான் ஒன்றைப் பாதியில் விட்டிருக்கிறேன். மதுரையில் வீணை. பம்பாயில் பி.ஏ. போபாலில் ஒரு டீச்சர் வேலை. டெல்லியில்தான் பரீட்சை எழுதி, சர்க்கார் ஆபீஸில் ஸ்டெனோ ஆனேன்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து வந்த கணவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே, “அடுத்த டிரான்ஸ்பர் நாக்பூர்னு பேசிக்கிறாங்க. ரெடியா இரு” என்றார். ரெடியாக இருப்பது என்றால் என்ன? நான் ராஜினாமா எழுதுவது!

என் வில்வித்தைப் பைத்தியம் இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஆபீஸ் மைதானத்தில் பொழுதுபோக்காகத் தொடங்கியது. அடுத்த மாதம் டெல்லி அணிக்கான தேர்வு. முப்பத்தொன்பது வயதில் என் பெயரும் பட்டியலில் இருக்கிறது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

அம்புகளோ - மூங்கில் அம்புகள் - குடை வைக்கும் மூலையில் சாய்ந்து கிடந்து வளைய ஆரம்பித்திருந்தன. வளைந்த அம்பு எங்கே போகும்? பக்கத்து ஆளின் இலக்குக்குப் போகும். ஒருமுறை போயே விட்டது.

மார்க்கெட் தச்சரிடம் ஸ்டாண்டு செய்யச் சொன்னேன். “பச்சே கே லியே?” என்று கேட்டார். பிள்ளைக்கு இல்லை அண்ணே, எனக்குத்தான் என்றேன். சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த பீடி விழுந்தது. சரி, செய்ய வேண்டாம், துளை போடும் பர்மாவை மட்டும் கொடுங்கள் என்று வாங்கி வந்துவிட்டேன். அதைச் சுழற்றுவதற்கும் ஒரு சின்ன வில்தான் வேண்டும். வில் பிடித்த கைக்கு அது என்ன பெரிய வித்தையா?

மரத்துக்குத்தான் அந்தப் பெட்டியை உடைத்தேன். மேல் பலகையில் இருபத்துநாலு ஓட்டை. கீழ்ப் பலகையில் அதற்கு நேராக இருபத்துநாலு குழி. நாலு கால். அம்பு நேராக நிற்கும், அவ்வளவுதான். ஆனால் தண்டின் பருமனை அளந்த புத்திசாலி, இறகை மறந்துவிட்டேன். நெருக்கிப் போட்ட ஓட்டைகளில் அம்பை நிறுத்தினால் இறகோடு இறகு உரசுகிறது. ஒன்று விட்டு ஒன்றாக நிறுத்தினேன். போகட்டும், என்னிடம் இருப்பதே பன்னிரண்டு அம்புதான்.

கணவர் வந்தார். காய்கறிப் பையை இறக்காமலே நின்றார்.

“பெட்டியை ஒடைச்சிட்டியா சரோஜா? நாக்பூருக்குச் சாமானை எதுல போடறது?”

“உங்க சாமான் ஒரு சூட்கேஸ்ல அடங்கிடும்.”

“அப்ப நீ?”

“நான் வரலை. குவார்ட்டர்ஸ் என் பேர்லதானே இருக்கு? நாக்பூருக்கு ஒரு டிக்கெட் போதும்.”

பதினாறு வருஷத்தில் அவரிடம் நான் ‘வரலை’ என்று சொன்னது அதுவே முதல் தடவை. அவர் காய்கறிப் பையை இறக்கி வைத்தார். பிறகு ஓர் அம்பை எடுத்து ஸ்டாண்டில் சொருகப் பார்த்தார் - தலைகீழாக. வாங்கித் திருப்பி வைத்தேன். எனக்கு அழுகை வந்தது. வந்தால் என்ன? சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆர்டர் கைக்கு வந்ததும் புளிக்காய்ச்சல் கிளறி, பெரிய பாட்டிலில் போட்டுக் கொடுத்தனுப்புவேன். சண்டை வேறு, சாப்பாடு வேறு.