இரண்டு தெ

காஜாக்காவுக்கு இங்கிலீஷே தகராறு. இந்த லட்சணத்தில் ஸ்பானிஷ் எழுத்துப் படிக்கக் கிளம்பினாள் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். சிரித்தவர்களை நான் வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

எங்கள் தையல் கூடத்தில் சட்டைக்குக் காஜா, அதாவது பட்டன் ஓட்டை, எடுப்பது அவள் வேலை; பெயரும் அதனால் வந்ததுதான். பக்கத்து மெஷினில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் வேலை எனக்கு. அவளுடைய அம்மா அப்பா போனபின் தன் தம்பியை அவள்தான் தூக்கி வளர்த்தாள். கல்யாணப் பேச்சை எடுத்தால், "இவன் ஒருத்தனையே மேய்க்க முடியல, இதுல இன்னொருத்தன் வேறயா?" என்பாள். அந்தத் தம்பி வளர்ந்து, சரக்குக் கப்பலில் என்ஜின் அறை வேலைக்குப் போனான்.

என்ஜின் அறையில் தீப்பிடித்தது. காயம்பட்டவர்களை ஸ்பானிஷ் பேசுகிற ஏதோ ஒரு துறைமுகத்தில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம் என்று கம்பெனிக்காரன் சொன்னான். ஆஸ்பத்திரி நம்பரைக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டான். எங்கள் சூப்பர்வைசர் போன் போட்டு, தம்பியின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக இங்கிலீஷில் சொன்னார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று பதில் வந்தது.

"இல்லன்னா நல்லதுதானேடி? அவனுக்கு ஒண்ணும் ஆகலன்னு அர்த்தம்," என்றாள் காஜாக்கா. அன்றைக்கு எல்லாருக்கும் அவள் செலவில் டீ.

மெஷின் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக் அண்ணன் முன்பு கப்பலில் இருந்தவர். அவர் வாய் சும்மா கிடக்குமா? "அவங்க ஊர்ல இங்கிலீஷ் ‘ஐ’ எழுத்துக்குப் பேரே ‘ஈ’தாம்மா. ‘ஏ’ எழுத்தை ‘ஆ’ன்னுதான் சொல்லணும். சூப்பர்வைசர் சொன்னதுக்கு வேற எவன் பேரையோ தேடிருப்பாங்க," என்றார். அந்த மனுஷனை ஊசியால் குத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு. அவள் முகம் செத்துப்போனது. "அப்ப சரியாச் சொல்லக் கத்துக்கணும்," என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் என் போனில் வீடியோ போட்டுப் பார்த்தோம். ஹெச் எழுத்துக்குப் பெயர் ‘ஆச்சே’. பெயர்தான் பெரிது, சொல்லுக்குள் வந்தால் சத்தமே கிடையாது. "எங்க வீட்டுக்காரர் மாதிரி. இருப்பாரு, வாயைத் தொறக்க மாட்டாரு," என்றேன். ஜே என்றால் ‘ஹோத்தா’, தொண்டையில் சளியைக் காறுவதுபோலச் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் ‘என்’ எழுத்தின் தலையில் ஒரு வளைவு போட்டால் ‘எஞே’. "அட, நம்ம ஞ! இது இவ்வளவு தூரம் எப்படிடி போச்சு?" என்று சிரித்தாள். தீ விபத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

உயிரை வாங்கியது தெ. டீச்சர் என்று இங்கிலீஷில் எழுதினால் முதலில் ஒரு எழுத்து வருகிறதே, அதற்குப் பெயர் தெ. டிரைவரின் முதல் எழுத்துக்கும் தெ. நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், வாயில் வேறு. டிரைவர் தெ-க்குத் தொண்டை அதிர வேண்டும், மற்றதற்கு அதிரக்கூடாது. தம்பியின் பெயரில் இரண்டுமே உண்டு. மெஷின் நிற்கும்போதெல்லாம் அவள் தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தாள்.

நன்றாக வந்துவிட்டது. ஆனாலும், "இன்னும் சரியா வரலடி, நாளைக்குப் பேசலாம்," என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். பயம். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் எத்தனை நாள் பார்ப்பது? "வந்தது போதும், போடுக்கா போனை!" என்று கத்திவிட்டேன்.

சூப்பர்வைசர் அறையில் ஸ்பீக்கரில் போட்டோம். அந்தப் பக்கம் ஒரு பெண். காஜாக்கா ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அந்தப் பெண் திருப்பிச் சொன்னாள். ஓரிடத்தில் தெ மாறிப்போக, காஜாக்காவே நிறுத்தித் திருத்தினாள். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், "சீ," என்றாள். அவர்களுக்குச் சீ என்றால் ஆமாம். பெயர் கிடைத்துவிட்டது! காஜாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து அந்தப் பெண் மடமடவென்று ஏதோ சொன்னாள். எழுத்தைத் தவிர எங்களுக்கு என்ன தெரியும்? "லெத்ரா, லெத்ரா," என்று கெஞ்சினாள் காஜாக்கா. எழுத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. அந்தப் பெண் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எமெ. ஊ. எ. எர்ரெ. தெ. ஓ.

காஜாக்கா துணி குறிக்கிற சாக்பீஸால் மேஜையில் எழுதினாள். நான் அதைப் பார்த்து என் போனில் தட்டித் தமிழில் கேட்டேன். ‘இறந்தவர்’ என்று வந்தது. மறைக்கப் பார்த்தேன்; பிடுங்கிப் பார்த்துவிட்டாள்.

"நான்தான் தப்பாக் கேட்டிருப்பேன். அது டிரைவர் தெ," என்றாள். மேஜையில் அந்த ஒரு எழுத்தை அழித்து மாற்றினாள். "இப்பப் பாரு."

தட்டினேன். ‘கடிக்கிறேன்’ என்று வந்தது.

"நான் சொல்லல? ஊசி போட வந்திருப்பாங்க, கடிச்சு வெச்சிருப்பான். சின்னப் பிள்ளையிலயே டாக்டரைக் கடிச்சவன்டி அவன்!"

சூப்பர்வைசர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் போனில் குனிந்து, இரண்டு தெ-யையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் கேட்டாள். அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருக்க வேண்டும். பொறுமையாக, "தெ," என்றாள். இன்னொரு முறையும் சொன்னாள்.

சத்தியமாக என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. "எந்தத் தெ-க்கா?" என்றேன்.

அவள் மாற்றிய எழுத்தை உள்ளங்கையால் துடைத்தாள்.

"‘தம்பி’ன்னு சொல்றப்ப வர்ற த-தான்டி," என்றாள்.