இறக்கை ஒட்டிய வண்டி

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு, திருநகர் ஸ்டிக்கர் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்னபோதே பயம்தான். எதையாவது அழித்துவிடுவேனோ என்று மவுஸைத் தொடவே கை தயங்கும். அந்தக் கைதான் பைக் டேங்கில் ஒட்ட ஒரு இறக்கையை வரைந்தது. பக்கத்து ஷோரூம்காரர் புது வண்டிக்கெல்லாம் அதையே ஒட்டி அனுப்பினார். சமயநல்லூர்ப் பக்கமிருந்தெல்லாம் பையன்கள் ஷோரூமுக்கு வந்து, "இறக்கை வண்டி இருக்காண்ணே?" என்று கேட்டு வாங்கினார்கள். கம்பெனிச் சின்னமே அதுதான் என்று நினைத்தவர்களும் உண்டு. எனக்கோ உள்ளுக்குள் ஒரு உறுத்தல். இதைப் பார்த்து ஓட்டுகிறவனுக்குப் பறக்கத் தோன்றிவிடுமோ? ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், விழுந்த வண்டியில் இறக்கை இருக்குமோ என்றுதான் முதலில் நினைப்பேன்.

ஒருநாள் காலையில், நாலுவழிச் சாலையில் இறந்துபோன ஒரு பையனுக்குக் கண்ணீர் அஞ்சலி ப்ளெக்ஸ் அடிக்க அவன் அப்பாவும் இரண்டு கூட்டாளிகளும் வந்தார்கள். கொண்டுவந்த படத்தில் அவன் இறக்கை வண்டியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"வண்டி கண்ணுல படக்கூடாது தம்பி. அவன மட்டும் வைங்க," என்றார் அப்பா.

"வண்டியில்லாம எவனுக்கு மாமா அவன அடையாளம் தெரியும்? எதுத்த கடைக்கு டீ குடிக்கக்கூட வண்டியிலதான் போவான்," என்றான் ஒரு கூட்டாளி.

"சும்மா இர்றா மாப்ள," என்று மற்றவன் அவனை இடித்தான்.

வண்டியை அழித்தேன். பையன் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தான். கைகள் இரண்டும் வெறும் காற்றைப் பிடித்திருந்தன. பதறிப்போய்ப் படத்தை நெஞ்சோடு வெட்டிவிட்டேன்.

"கை எங்க தம்பி?" என்றார் அப்பா.

"கைய வச்சா, எதையோ பிடிச்சமேனிக்கு இருக்குண்ணே."

"இருக்கட்டும். ஆஸ்பத்திரியில உடம்ப முழுசாச் சுத்திக் குடுத்துட்டாக. நான் அவன் கையப் பாக்கவே இல்ல."

கையைத் திரும்பக் கொண்டுவந்தேன். அவர் திரைக்குக் கிட்டே குனிந்து விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழப்போறவன் மாதிரி இருக்கான். வண்டியையும் வச்சிருங்க," என்றார்.

வைத்தேன். "டேங்குல அந்த இறக்கைய மட்டும் எடுத்துரவாண்ணே?"

"எதுக்கு? அதுக்காகத்தான இந்த வண்டியே வேணும்னு ஒத்தக்கால்ல நின்னான்."

நான் மவுஸை விட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். பெயருக்குக் கீழே என்ன எழுத வேண்டும் என்று கூட்டாளிகளில் ஒருவன் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான்.