மணிக்கட்டை விடாத வேன் அக்கா

வேன் அக்காவுக்குப் பயம் வந்தால் முதலில் உள்ளங்கை வேர்க்கும். சிறப்புக் கல்வி படிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கை காய்ந்ததே இல்லை. வயது நாற்பத்து மூன்று. அதற்கு முன் பதினோரு வருடம், பேச்சு வராத, நடை தடுமாறுகிற பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் வேனில் உதவியாளர் வேலை. பட்டம் வாங்கினால் அங்கேயே டீச்சர் ஆகலாம் என்று தலைமை ஆசிரியை ஒரு வார்த்தை சொன்னார். தலையாட்டிவிட்டு வந்து வசமாக மாட்டிக்கொண்டாள்.

பல்கலைக்கழகமா அது, ஒரு தனி ஊர். ஒரே வகுப்பறையில் நானூறு நாற்காலி. முதல் வாரம் மாடி மாறிப் போய்ச் சட்டம் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டாள். எழுந்து வர வெட்கப்பட்டு ஒரு மணி நேரம் குறிப்பு வேறு எடுத்தாள். அந்தக் கதை தெரிந்த பிறகுதான் மகள் வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ‘வேன் அக்கா’ என்று பெயர் வைத்தார்கள்.

வீட்டில் மின்விசிறி பழுதுபார்க்கும் புருஷன் ஒருவர். “கேள்வித்தாள்ல வேனைப் பத்தி வந்தா நீதான் முதல் மார்க்கு, போ” என்பார். அவருக்குச் சிரிப்பு. இவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

எழுத்துத் தேர்வுகளை எப்படியோ தாண்டிவிட்டாள். செய்முறைப் பயிற்சியில்தான் வண்டி நின்றது. பயிற்சிப் பள்ளியில் அவளுக்குக் கொடுத்த பிள்ளைக்கு ஒன்பது வயது. பேச்சில்லை. எல்லோரும் சிட்டு என்று கூப்பிடுவார்கள். பாடம் என்று பார்த்தால் சுலபம்தான்: வகுப்பிலிருந்து தனியாக நடந்துபோய், முற்றத்துக் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். முதலில் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப்போகலாம். அப்புறம் முழங்கை, அப்புறம் தோள், அப்புறம் விரலால் காட்டுவது, கடைசியில் ஒன்றுமே இல்லை. தினமும் எந்தப் படி என்று தாளில் குறிக்க வேண்டும்.

வேன் அக்கா முதல் படியைத் தாண்டவே இல்லை.

காரணம் உண்டு. வேனில் எட்டாவது வருடம், இறங்கும்போது ஒரு பிள்ளை அவள் கையை உதறிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியது. லாரிக்காரன் பிரேக்கை மிதித்தான். பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்த டயர் தேய்ந்த சத்தம் அவள் காதை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து எந்தப் பிள்ளையின் மணிக்கட்டையும் அவள் விட்டதில்லை. சிட்டுவின் குழாய்க்கு நாலடி தள்ளி வெளிவாசல் கேட். அதற்கு அந்தப் பக்கம் ரோடு. கையை எடு என்றால் எங்கே எடுப்பது?

ஆனால் தாளில் முழங்கை என்று குறித்தாள். அடுத்த வாரம் தோள். கடைசி வாரம் ‘உதவி இல்லை’ என்று கூசாமல் எழுதினாள். கூசாமல் என்று சொன்னது தப்பு, கூசத்தான் செய்தது. ஃபெயில் ஆனால் இரண்டாம் வாய்ப்பு கிடையாது, டீச்சர் கனவு அன்றோடு சரி. அந்தப் பயத்தில் எழுதினாள்.

தேர்வு நாளில் மேடம் வந்தார். விரிவுரையாளர்தான், ஆனால் வேன் அக்காவைவிடப் பதினைந்து வயது இளையவர். தாள்களைப் புரட்டி, “பரவாயில்லையே அக்கா, சீக்கிரம் கொண்டுவந்துட்டீங்க. சரி, அனுப்புங்க” என்றார்.

“சிட்டு, தண்ணி குடிச்சிட்டு வா.”

சிட்டு எழுந்து வகுப்பு வாசல்வரை வந்தாள். அங்கே நின்றாள். முன்னே பார்த்தபடியே வலது கையைப் பின்னால் நீட்டி, மணிக்கட்டை மேலே திருப்பிக் காட்டினாள். பிடித்துக்கொள் என்று. யாரும் பிடிக்கவில்லை. கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

வேன் அக்காவுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது. நடக்கத் தெரிந்த பிள்ளையை நிற்கவைத்தது அவள்தான்.

“மேடம், தாள்ல எழுதினது பூரா பொய். நான் ஒரு நாள்கூட கைய விடல.”

“அது அப்புறம். இப்ப ரெண்டு கையையும் கட்டிக்குங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. வாயத் திறக்கக் கூடாது.”

எண்ணினாள். ஆறு வந்தபோது சிட்டுவின் கை கீழே இறங்கியது. எட்டில் ஒரு அடி வைத்தாள். அப்புறம் விறுவிறுவென்று முற்றத்தைக் கடந்தாள். கேட்டுக்கு நேரே வந்ததும் நின்றாள். வெளியே ஒரு பஸ் போவதைத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். வேன் அக்கா தன் கையைத் தானே நகம் பதியக் கிள்ளிக்கொண்டாள். பஸ் போனது. சிட்டு குழாயைத் திருகி, தண்ணீர் குடித்து, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வேன் அக்காவை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தாண்டிப்போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

மேடம் தாள்கள் எல்லாவற்றையும் சிவப்பில் அடித்தார். “இதெல்லாம் செல்லாது. இன்னிக்குத் தேதி போட்டு மறுபடி ஆரம்பிங்க. ஒரு மாசம் கழிச்சு வந்து பாக்கறேன். இனி பொய் எழுதினா நானே உங்கள வெளிய அனுப்பிடுவேன்.”

பையை எடுத்துக்கொண்டு மேடம் வெளியே வந்தபோது, வேன் அக்கா கேட்டின் தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம்.

“என்னக்கா, அதான் ஃபெயில் போடலயே. ஏன் அழறீங்க?”

“அதுக்கில்ல மேடம். நேத்து வரைக்கும் சிட்டுவால தனியா எங்கயும் போக முடியாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அது எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?”