அய்யாவின் மடியும் பிள்ளையின் இருக்கையும்

நான் சொன்னது சரிதான். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. ஓடுகிற காரில் பதினொரு மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. அதற்கென்று உள்ள இருக்கையில் உட்கார வைத்து, வாரைப் பூட்டித்தான் கொண்டுபோக வேண்டும். அந்தக் காலைப்பொழுது திரும்ப வந்தாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அய்யாவை, என் அப்பாவை, ஜெயிப்பதற்காக நான் எடுத்த வார்த்தை இருக்கிறதே, அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போல வருகிறது.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்தவள் என் மகள். பிரசவம் வெளிநாட்டில். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது ஒரு நர்ஸ் கார் வரைக்கும் கூடவே வந்தாள். குழந்தை இருக்கை சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் எங்களை விட்டாள். அன்றைக்குப் பிடித்தது எனக்கு அந்தப் பைத்தியம். 2008இல் மொட்டை போட்டுக் காது குத்த ஊருக்குக் கிளம்பியபோது, அந்த இருக்கையையும் விமானத்தில் ஏற்றினேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. இடுப்பில் பிள்ளை, கையில் இருக்கை என்று பரமக்குடி ஸ்டேஷனில் நான் இறங்கிய கோலத்தைப் பார்த்துத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

அங்கிருந்து எங்கள் ஊர் நயினார்கோவில் போகிற வழியில் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் போனோம். ஆட்டோவில் இருக்கையை எங்கே பூட்டுவது? பிள்ளை என் மடியில்தான் வந்தாள். இதை அம்மா கவனித்து, மறக்காமல் வைத்திருந்து, நேரம் பார்த்து எடுத்து விட்டாள். அது பிறகு வருகிறது.

வீட்டில் அந்த இருக்கையைப் பார்க்க ஒரு கூட்டமே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சித்தி, பொங்கல் பானையை இதில் வைத்துக் கட்டினால் கோயில் வரைக்கும் சாயாமல் வரும் என்றாள். அம்மாவுக்குத்தான் அதைக் கண்டாலே ஆகவில்லை.

"என்னத்தா இது? வேலி தாண்டுற மாட்டக் கட்டுன மாதிரில்ல கட்டிப் போட்டுருக்க. அதுலயும் காருல பின்னாடி பாக்க உக்கார வச்சா, புள்ள வாந்தி எடுக்காதா?"

"எடுத்தா தொடச்சுக்கலாம்மா."

"ஆட்டோவுல மட்டும் ஒம் மடியில வந்தாளே?"

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம்தான் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அய்யா இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. அவருடைய கவலை வேறு. நான் உண்டாகியிருந்த சேதி போனில் வந்த அன்றே குலசாமிக்கு அவர் ஒரு நேர்ச்சை போட்டிருந்தார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால், முதல் மொட்டைக்கு எங்கள் வீட்டு நிலைப்படியிலிருந்து சாமி சந்நிதி வரைக்கும் மடி இறக்காமல் கொண்டு வருகிறேன் என்று. அதாவது, வழியில் பிள்ளை தரையிலோ வேறு எதன் மேலோ உட்காரக் கூடாது. அவர் தோளில், இடுப்பில், மடியில் மட்டுமே வர வேண்டும். குலசாமி கோயில் இருப்பதோ கடலோரத்தில், காரங்காட்டுக்குக் கொஞ்சம் முன்னால். ராமநாதபுரம் போய்ச் சுற்றிக்கொண்டு போனால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. இந்த நேர்ச்சை பற்றி என்னிடம் ஒருவரும் மூச்சு விடவில்லை. எனக்கு முன்பே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. அப்போதும் சண்டைதான் போட்டிருப்பேன்.

இங்கே தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஏழு வயது, அவனுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது ராமநாதபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு வாடகை அம்பாசிடரில் போனோம். உள்ளே பதினொரு பேர். அய்யா முன் சீட்டில், பிள்ளை வேடிக்கை பார்க்கட்டும் என்று தம்பியை மடியில் நிறுத்திப் பிடித்திருந்தார். குறுக்கே ஆடு ஒன்று ஓடியது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். வண்டி ஒன்றும் வேகமாகக் கூடப் போகவில்லை. அய்யாவின் பிடியிலிருந்து தம்பி எகிறி, முன்னால் நீட்டிக்கொண்டிருந்த ஒரு திருகுக் குமிழில் முகம் மோதினான். இடது கண் போய்விட்டது.

அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டோம். அம்மா ஒரு நாளும் அய்யாவைக் குறை சொன்னதில்லை. தம்பிக்கு அப்படி ஒன்று நடந்த ஞாபகமே கிடையாது. ஒற்றைக் கண்ணோடு டிராக்டர் ஓட்டி, மிளகாய் போட்டு, ஊர் முழுக்கக் கேலி பேசிக்கொண்டு திரிவான். அய்யா மட்டும் அவனோடு எங்கே நடந்தாலும் அவனுக்கு இடது பக்கமாகத்தான் நடப்பார். பந்தியில் உட்கார்ந்தாலும் அந்தப் பக்கம்தான். நான் இதைப் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே கவனித்துவிட்டேன். யாரிடமும் சொன்னதில்லை.

கோயிலுக்குப் போகிற அன்று காலை. சொந்தக்காரர்களுக்கு ஒரு வேன், எங்களுக்கு ஒரு வாடகைக் கார். காரின் பின் சீட்டில் பெல்ட்டைக் காணோம். டிரைவர் புது உறை தைத்துப் போட்டு, பெல்ட்டை எல்லாம் அதற்கு அடியில் புதைத்திருந்தார். "இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லக்கா" என்றார். தம்பி உறையைப் பிரித்து, கையை உள்ளே விட்டுத் துழாவி, பெல்ட்டை வெளியே இழுத்துக் கொடுத்தான். நான் இருக்கையை வைத்து, முழங்காலால் அழுத்தி, இறுக்கிப் பூட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் புது வேட்டி, நெற்றி நிறைய விபூதியோடு அய்யா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். நிலைப்படியிலிருந்து கிளம்பிவிட்டார். அப்போதுதான் அம்மா நேர்ச்சை விஷயத்தைச் சொன்னாள்.

"அது முடியாதும்மா. பிள்ளைய இதுலதான் வைக்கணும்" என்றேன்.

"சாமி காரியம் ஆத்தா" என்றார் அய்யா.

"சாமி பிரேக்கப் பிடிக்குமா அய்யா?"

வேனில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தம்பி இடையில் புகுந்தான். "அய்யா, நீங்க பக்கத்துல உக்காந்து கைய அது மேல போட்டுக்கங்க. சாமி ஒத்துக்கிரும்." நல்ல யோசனை. அதை அய்யா ஏற்பதற்கு ஒரு நிமிஷம் அவகாசம் கொடுத்திருக்கலாம். எனக்குப் பொறுமை இல்லை. பிள்ளைக்காகக் கையை நீட்டினேன்.

அய்யா தரவில்லை. கெஞ்சுகிற குரலில் சொன்னார்: "நான் இறுக்கிப் பிடிச்சுக்கிறேன் ஆத்தா."

"தம்பியையும் இறுக்கித்தான பிடிச்சிருந்தீங்க?"

சொல்லிவிட்டேன். முப்பது வருஷமாக அந்த வீட்டில் ஒருவர் வாயிலும் வராததை, வாசலில், இத்தனை பேர் பார்க்கச் சொல்லிவிட்டேன். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "ஏன்க்கா…" என்றான் தம்பி.

அய்யா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. எப்போதோ வர வேண்டிய தந்தி கடைசியில் வந்து சேர்ந்துவிட்டதைப் போல ஒரு முகம். "வாஸ்தவம்தான் ஆத்தா" என்று பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, நடந்துபோய் வேனில் ஏறிக்கொண்டார்.

இருக்கையில் பிள்ளையைப் பூட்டினேன். கீழே இறங்கிப் போய் வேன் ஜன்னலில் நின்று இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். நல்ல நேரம் போகிறது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். அந்தச் சாக்கு எனக்கு வசதியாக இருந்தது.

கோயிலில் பூசாரி கேட்டார்: "நேந்துக்கிட்டது யாரு? வாங்க, புள்ளைய வாங்கிக்கங்க." வழியில்தான் இல்லை, காரிலிருந்து சந்நிதி வரைக்குமாவது அய்யா தூக்கட்டும் என்று நான் பிள்ளையை அவர் முன்னால் நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "மாமன்காரன் தூக்கிட்டு வரட்டும்" என்றார். தம்பிதான் தூக்கிப் போனான். மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில் முறைப்படி நடந்தன. பிள்ளை வீறிட்டுக் கத்தியபோது நான் அய்யாவைத் தேடினேன். கூட்டத்துக்குப் பின்னால், செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

போகும்போதும் வரும்போதும் ஒன்றும் நடக்கவில்லை. டிரைவர் ஒரு தடவைகூட அழுத்திப் பிரேக் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஊரில் இருந்தேன். அய்யா பிள்ளைக்கு நுங்கு வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். தூரத்தில் உட்கார்ந்து கை தட்டிச் சிரிக்க வைத்தார். தூக்குவது மட்டும் இல்லை. பிள்ளை தவழ்ந்து கிட்டே வந்தால், ஏதோ வேலை ஞாபகம் வந்தவர் போல எழுந்து வெளியே போய்விடுவார். அய்யாவிடம் பேசிப் பார்க்கும்படி அம்மாவிடம் சொன்னேன். "நான் என்னத்தச் சொல்ல? நான் சொன்னா ஆறுமா அது?" என்றாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் தோட்டத்துக்கே போனேன். அய்யா வாய்க்காலில் மடை கட்டிக்கொண்டிருந்தார்.

"அய்யா, அன்னைக்கு ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

அவர் மண்வெட்டியை நிறுத்தவில்லை. "பொய்யா சொன்ன? இல்லையே" என்றார்.

அதுதான் என்னால் தாண்டவே முடியாத இடம். பொய் சொல்லியிருந்தால் இல்லை என்று சொல்லி அழித்திருப்பேன். நடந்ததை நடந்ததென்று சொல்லிவிட்டு அதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. வெயிலில் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.

அடுத்த வருஷம் மறுபடி போனோம். பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. யாரும் கேட்காமலேயே இந்தத் தடவை காரில் பெல்ட் இருக்கிறதா என்று அய்யா டிரைவரிடம் விசாரித்து வைத்திருந்தார். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கு அழுகை வந்தது.

ஒரு மத்தியானம் அய்யா வீட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பிள்ளை ஓடிவந்து, யாரையும் கேட்காமல், பேப்பரைத் தள்ளிவிட்டு அவர் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எழுந்து போக அவருக்கு வழி இல்லை. நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

அவர் பிள்ளையைத் தொடவில்லை. நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு என்னைத் தேடினார்.

"ஆத்தா, இங்கன வா. சீக்கிரம் வா. புள்ளையப் பிடிச்சுக்க."

நான் போய்க் குனிந்து, அவர் மடியில் இருந்த என் மகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் தாத்தாவின் சட்டைப் பொத்தானைத் திருகி விளையாடினாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியவில்லை. கடைசிவரை அய்யா கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.