மதுரைக்கு இரண்டு மணி நேரம்

இரண்டு வருடங்களுக்கு முன், மே மாதத்தில் ஒரு நாள். அக்கா மகளுக்குத் திருநெல்வேலியில் மறுநாள் கல்யாணம். தாராவியில் முப்பது வருடமாக இருக்கிறேன். ஊருக்கு என்றால் எனக்கு ரயில்தான். ஒன்றரை நாள் பயணம். சோலாப்பூர் வருவதற்குள் எதிர் சீட்காரரின் ஊர், சம்பளம், அவர் மருமகனின் குடிப்பழக்கம் வரை விசாரித்து முடித்துவிடுவேன்.

அந்த முறை டிக்கெட் கிடைக்கவில்லை. மும்பையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் போகச் சொல்லி மகன் பிடிவாதம். "ரெண்டே மணி நேரம்ப்பா. ஒரு தூக்கம் போட்டா மதுரை. டென்ஷன் மத் லோ, கவலையே படாதீங்க!" என்றான்.

லோக்கல் ரயிலில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு தாணே வரை போகிற வீரன்தான் நான். ஆனால் விமானத்தின் கதவை மூடியதும் பெல்ட்டை மூன்று முறை இழுத்து இறுக்கிக்கொண்டேன். தண்ணீரில் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வேறு காட்டினார்கள். வைகையில் ஏது தண்ணீர் என்று ஜோக் அடித்துப் பார்த்தேன். பல் தந்தியடித்ததில் பாதி வார்த்தைகள் வெளியே வரவில்லை.

ஜன்னலோரம் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. விடியற்காலையில் எழுந்து வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். விமானம் மேலே ஏறியபோது அவர் கையை இறுகப் பிடித்துவிட்டேன். அவர் உதறவில்லை. "ஒண்ணும் ஆவாது அண்ணாச்சி. மூச்ச நல்லா இழுத்து விடுங்க" என்றார். நம்ம பக்கத்துப் பேச்சு!

அதன்பிறகு அவரை நான் விடவில்லை. விமானம் சற்று ஆடினாலும் "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்பேன். கடிகாரத்தைப் பார்த்துப் பொறுமையாகச் சொல்வார். நான் கேட்காதபோதும் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கோ வாய் சும்மா இருக்காது.

"என்னம்மா, எனக்குத் தைரியம் சொல்லிட்டு நீ மணியவே பாக்க? உனக்கும் உள்ளுக்குள்ள உதறல்தான் போல!"

"ஆமா அண்ணாச்சி" என்று லேசாகச் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதுரையில் விமானம் தரை இறங்கியதும் என் கால்கள் எழ மறுத்தன. நடைபாதை ஓரம் இருந்தவன் நான். நான் எழுந்தால்தான் அவர் வெளியே வர முடியும். "எல்லாரும் எறங்கட்டும்மா, காலு நடுங்குது" என்றேன். ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். "சரி அண்ணாச்சி, மெதுவா எந்திரிங்க" என்றார். கடைசி ஆள் இறங்கும் வரை, என் முழங்காலுக்குப் பின்னால் காத்திருந்தார். என் பையையும் அவரே வாசல் வரை தூக்கி வந்தார்.

வெளியே அவருடைய தம்பி ஓடி வந்தான். "ஏன்க்கா இவ்வளவு நேரம்? மூணு மணிக்கு மேல வைக்க முடியாதுன்னுட்டாவ. அப்பா மொகத்தப் பாக்கணும்னா ஓடியா!"

என் பையைத் தரையில் பார்த்து வைத்துவிட்டுத்தான் அவர் ஓடினார். கார் கிளம்பிவிட்டது. என் கால்களுக்கு அப்போது ஒரு நடுக்கமும் இல்லை.

அவர் போய்ச் சேர்ந்தாரா, அப்பாவின் முகத்தைப் பார்த்தாரா, தெரியாது. ரயிலில் என்றால் கல்யாண் ஸ்டேஷன் தாண்டும் முன்பே, "எதுக்கும்மா ஊருக்குப் போற?" என்று கேட்டிருப்பேன். அந்த இரண்டு மணி நேரமும் மணியை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதை, இப்போதும் யாராவது கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.