நசுங்காத எலுமிச்சம்பழம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாமக்கல்லில் ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் வேலையில் இருந்தேன். எங்கள் முதலாளியின் வைத்திய ஞானம் அபாரமானது. தலைவலியா, கண்ணாடி. தூக்கம் வரவில்லையா, கண்ணாடி. போட்ட கண்ணாடி சரியில்லையா, அதைவிட விலை கூடிய கண்ணாடி.

எருமப்பட்டி பொன்னுசாமி அண்ணன் சொந்த லாரி ஓட்டுகிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். "ரோடு கொழம்புதுங்க தம்பி" என்று வந்தார். சார்ட்டில் கடைசி வரி வரைக்கும் எழுத்து எழுத்தாகப் பிசகாமல் சொன்னார். செய்தித்தாளைக் கொடுத்தால் மட்டும் வரி தவறி எங்கெங்கோ போனார்.

"பவர் மாறவே இல்லீங்க" என்றேன் முதலாளியிடம்.

"அப்ப ஃபிரேமை மாத்து. மூஞ்சி எடுப்பா இருந்தா பார்வை தானா தெளியும்."

இப்படியே மூன்றாவது கண்ணாடியும் விற்றாயிற்று. அதை மாட்டிக்கொண்டு எங்கள் கடை வாசலிலிருந்தே லோடுடன் கிளம்பினார். முன் டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதைக் கிளீனரிடம் விடமாட்டார். தன் கையால்தான் வைப்பார். வைத்துவிட்டு ஏறி வண்டியை நகர்த்தினார். பழம் இரண்டும் டயருக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி முழுசாக உட்கார்ந்திருந்தன.

கூட்டம் கூடிவிட்டது. சாமி குத்தம் என்றார் ஒருவர். கூலிங் கிளாஸ் போதும் என்றார் முதலாளி. வழியனுப்ப வந்திருந்த அண்ணனின் மனைவி பாப்பாத்தி அக்கா ஓடிப்போய் லாரிக்கு முன்னால் நின்றார். டயரையே தவறவிட்டவரின் வண்டிக்கு முன்னால் போய் நிற்கிறாரே என்று நான் கத்தினேன். நல்லவேளை, அண்ணன் பிரேக் பிடித்துவிட்டார்.

"ஏனுங்க, எறங்குங்க. பக்கத்துல இருக்கற டயரே தெரியலீங்க. ரோட்டுல போற புள்ளைங்க எப்படித் தெரியும்?"

அக்கா அவரைச் சேலத்துக்கு அழைத்துப்போனார். கண் நன்றாகத்தான் இருக்கிறது, கண் காட்டுவதைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதிதான் தேய்கிறது என்றாராம் நரம்பு டாக்டர். போகப்போக ஞாபகமும் போகுமாம், மருந்து கிடையாதாம். அதைக் கேட்ட முதலாளி, "அதுக்குன்னு தனி லென்ஸ் வருதா?" என்று விசாரித்தார்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். சார்ட்டை நன்றாகப் படிக்கிறவர் கண் தெரியவில்லை என்று சொன்னால், ஃபிரேமைத் தொடாதீர்கள். வீட்டில் எதில் தடுமாறுகிறார் என்று கூட வந்தவரைக் கேட்டு, பெரிய டாக்டரிடம் அனுப்புங்கள். வியாபாரம் படுக்கும்தான். படுக்கட்டும்.

லாரியை விற்க முடிவானதைச் சொல்ல இருவரும் கடைக்கு வந்தார்கள். அண்ணன் மனைவியிடம் கேட்டார்.

"ஏம்புள்ள, இத்தன நாளா நான் யாரு மேலயும் வண்டிய ஏத்தீரலையே?"

"இல்லீங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்க" என்றார் அக்கா. லாரி லோடு ஏற்றிப்போன எந்த நடையிலும் அக்கா கூடப் போனதில்லை.

அண்ணன் லாரிச் சாவியை எடுத்து நீட்டினார். நீட்டிய இடத்தில் அக்கா இல்லை. அக்கா நகர்ந்து அங்கே போய் நின்று வாங்கிக்கொண்டார்.