அண்டாவுக்குள் ஆம்புலன்ஸ்

நிறங்களிலேயே சுலபமானது வெள்ளைதான் என்று ஏழாம் வகுப்பு வரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைக் கெடுத்தது ஒரு ஆம்புலன்ஸ்.

அப்பா வெள்ளிமலையில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். மலையிலிருந்து நோயாளிகளை ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இறங்குவார், மறுபடி ஏறுவார். இரண்டு நாளுக்கு ஒருமுறை வடக்கனந்தலில் எங்கள் வீட்டுக்கு வருவார். சில நாள் வந்ததும் வராததுமாகச் சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். அத்தனை கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டினால் தலை சுற்றாதா என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் கண்காட்சி என்றதும் நான் யோசிக்கவே இல்லை. அப்பாவின் வண்டி! முதல் பரிசு எனக்குத்தான் என்று வகுப்பு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டேன். அப்பா வாசலில் நிறுத்தியிருந்தபோது டேப் பிடித்து வண்டியை அளந்து, அடிக்கு ஒரு அங்குலம் என்று கணக்குப் போட்டு, பிளைவுட் துண்டுகளை ஒட்டி நிறுத்தினேன். பின்கதவுகூடத் திறந்து மூடும். அதற்கான கீலை அம்மாவின் நகைப்பெட்டியிலிருந்து கழற்றியதை அம்மா இன்றுவரை மறக்கவில்லை. அசல் வண்டியில் மரக்கிளை கீறிய கோடுகளும் நசுங்கல்களும் ஏராளம். எனக்கு அவற்றைக் கண்டாலே பிடிக்காது. என் வண்டி உரித்த முட்டை மாதிரி இருக்க வேண்டும்.

ஆசை தீரக் கெட்டியாக வெள்ளை எனாமலைப் பூசினேன். அது வழிந்து, சொட்டுச் சொட்டாக அப்படியே காய்ந்தது. மரத்தின் வரிகளும் மறையவில்லை. மறுபடி உப்புத்தாளால் தேய்த்து, வரிகளை அடைக்கப் பட்டி வைத்து, அதையும் தேய்த்து, பிரைமர் அடித்தேன். வெள்ளையை டப்பாவில் கலக்கிக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்தாள்.

"பொங்கலுக்கு வெள்ளயடிக்கிறப்ப சுண்ணாம்புல நீலம் வுடறோமில்ல? அப்பதாண்டி பளிச்சுனு இருக்கும். ரெண்டு சொட்டு வுடு."

நான் நாலு சொட்டு விட்டேன். சுண்ணாம்பு தண்ணீரில் கரைவது, எனாமல் எண்ணெயில் கரைவது என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. நீலம் கலக்காமல் மணி மணியாக நின்றது. பிரஷ்ஷால் இழுத்ததும் வண்டி முழுக்க நீல நீலக் கோடுகள். ஆம்புலன்ஸுக்கு நரம்பு தெரிந்தது.

"காயட்டும், சரியாப்பூடும்" என்று சொல்லிவிட்டு அம்மா நழுவினாள்.

சரியாகப் போகவில்லை. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, பிரஷ்ஷை விட்டெறிந்துவிட்டு, பால் மாதிரி நீர்த்த வெள்ளையை மெத்தை ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றால் தொட்டு மெல்லிசாக ஒற்றினேன். என்ன அழகு! வெயிலில் காயட்டும் என்று வாசலில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். எதிர்வீட்டில் அந்த நேரம் பார்த்து மக்காச்சோளம் அடிக்கிற மிஷினை ஓட்டிவிட்டார்கள். திரும்பி வந்தபோது என் வண்டிக்கு ரோமம் முளைத்திருந்தது.

கண்காட்சிக்கு நாலு நாள்தான் பாக்கி. உட்கார்ந்து அழலாமா என்று யோசித்தபோதுதான் சமையலறை அண்டா கண்ணில் பட்டது. அறைக் கதவைச் சாத்தி, தூசி எழாதபடி தரையில் தண்ணீர் தெளித்தேன். ரோமத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு ஒரு பூச்சு பூசினேன். காற்று போக மூன்று செங்கல் வைத்து, வண்டியின்மேல் அண்டாவைக் கவிழ்த்தேன். மறுநாள் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் பதமாகத் தேய்த்து, அடுத்த பூச்சு. மறுபடி அண்டா.

"குடிக்கத் தண்ணி புடிக்க அண்டா இல்ல, வண்டிக்குக் கொட புடிச்சிக்கினு இருக்கா" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் காலை அண்டாவைத் தூக்கினேன். ஐயோ, அந்த வெள்ளை! ஜன்னல் கம்பி அதில் தெரிந்தது. என் மூக்கு தெரிந்தது. நான் குதித்த குதியில் அண்டா உருண்டு நசுங்கியது. அதற்கு வாங்கிய அடிகூட அன்று வலிக்கவில்லை.

கண்காட்சியில் நடுவராக வந்த டீச்சர் வண்டியின் பக்கவாட்டில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"ஸ்ப்ரே அடிச்சியாம்மா?"

"இல்ல டீச்சர், அண்டா கவுத்தேன்."

அவர் சிரித்துக்கொண்டே பின்கதவைத் திறந்தார். உள்ளே பூசாத பிளைவுட்டும் என் பென்சில் கோடுகளும். வேறொன்றுமில்லை.

"படுக்கை எங்கம்மா? உள்ள காலியா இருக்கே?"

வெளிப்பக்கம் பார்த்துப் பார்த்து இழைத்ததில் உள்ளே ஒன்று இருக்க வேண்டும் என்பதே எனக்கு நினைவில் இல்லை. முதல் பரிசு நுரை கக்கும் எரிமலைக்குப் போனது. எனக்கு இரண்டாவது. தண்டோரா போட்ட வாயை எங்கே கொண்டு வைப்பது?

சாயங்காலம் அப்பா வந்தபோது நான் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தேன். விஷயத்தைக் கேட்டதும் வண்டியை மடியில் வைத்து, பின்கதவைத் திறந்து வெகுநேரம் உள்ளேயே பார்த்தார்.

"இதுல இன்னா பாப்பா கொற? காலியா இருக்குது. அதானே நல்லது. இன்னிக்கி நானும் காலியாத்தான் மல எறங்கனேன்."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, அம்மாவிடம் தட்டு கேட்டார். நன்றாகப் பிசைந்து சாப்பிட்டார். ரசத்துக்கு இன்னொரு முறை சோறு வாங்கிக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பெண் பரிசு போய் அழுதுகொண்டிருக்கிறாள், இந்த மனிதருக்கு மட்டும் இன்றைக்கென்று பார்த்து எப்படித்தான் இவ்வளவு பசிக்கிறது என்று இரண்டு நாள் அவரோடு நான் பேசவே இல்லை.